வீரய்யாவின் பதம்

கங்காணி பழனியாண்டி பட்டறைத் தொட்டித் தண்ணீருக்குள் கைவிட்டு, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்திகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்து லயத்து வீட்டு இஸ்தோப்புத் திண்ணையில் தோட்டத்துக் கொல்லன் வீரய்யாவின் உடல் கிடந்தது. காலையில் அந்தக் கத்திகளைப் பழுக்கக் காய்ச்சி முக்கிவிட்டு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழவேயில்லை.

தலைமாட்டிலிருந்து எழுந்து மீனம்மா பட்டறைக்கு வந்தாள்.

"அத எடுக்காதீங்க கங்காணி. தண்ணியில முக்குனதோட நிக்குது. இன்னும் தணல்ல பதம் காட்டல, ஒடிஞ்சிரும்."

"நாளைக்குக் கவ்வாத்து. தொர கேக்குறாரு. நீ போயி புருசங்கிட்ட ஒக்காரு. பதத்தப் பத்தி ஒனக்கென்னா தெரியும்?"

வீரய்யாவின் கண்ணில் திரை விழுந்து சில வருடங்களாகிவிட்டன. உலை வெளிச்சம் தெரியும், நிறம் தெரியாது. தணலுக்கு மேல் பிடித்த கத்தியின் விளிம்பில் வைக்கோல் நிறம் ஏறி, தேனாகி, ஊதா தலைகாட்டும்போது மீனம்மாதான் "இப்ப" என்பாள். அவன் முக்குவான். முந்தினால் எஃகின் விறைப்பு தணியாமல் ஒடியும்; பிந்தினால் கூர் நிற்காது. போன மாதம் துரை வந்து விசாரித்தபோது, "என் கண்ணுக்கு ஒரு கொறையுமில்லீங்க" என்றான்.

"என்னயச் சொல்லியிருந்தா எனக்கும் சம்பளத்துக்குப் பேரு பதிஞ்சிருப்பாங்கல்ல?" என்று அன்றிரவு அவள் கேட்டாள்.

"பொம்பள சொல்லித்தான் நான் வேல செய்றேன்னு லயமே சிரிக்கவா?"

லயத்து வாசலில் கவ்வாத்துக்காரன் ஆண்டியப்பன் காலை இழுத்து இழுத்துப் பாடை கட்டிக்கொண்டிருந்தான். ஐம்பத்தாறாம் வருடக் கவ்வாத்தில், கடையில் வாங்கிய கத்தி ஒடிந்து அவன் முழங்காலில் ஏறியது. ஒடிந்த முனை, பதம் தப்பிய எஃகாய், சீனி போல மின்னியதை மீனம்மா பார்த்திருக்கிறாள்.

சாக்கைப் பிடுங்கிக்கொண்டாள். "அவரத் தூக்குறதுக்குள்ள தாறேன். போயிட்டு வாங்க."

கத்திகளை மணலில் தேய்த்துப் பளபளப்பாக்கி உலையை மூட்டினாள். மாமியார் பேச்சியம்மா பட்டறை வாசலில் வந்து நின்றாள்.

"எம்புள்ள பொணமாக் கெடக்கான், இவளுக்கு ஒல கேக்குது! நீயெல்லாம் பொம்பளையாடி?"

மீனம்மா திரும்பவில்லை. நிறம் மாறினால் காத்திருக்காது. "இப்ப" என்று பழக்கத்தில் வாய்விட்டுச் சொல்லி, தானே முக்கினாள்.

கங்காணி திரும்பி வந்து, ஒரு கத்தியால் கொய்யாக் கிளையை ஓங்கி வெட்டினார். கிளை விழுந்தது. விளிம்பைத் தடவிப் பார்த்தார்.

"ஒடிஞ்சிரும்னு சொன்னியே? அவன் போட்ட கத்தி ஒடியுமா? வீரய்யா பதம்னா பதந்தான்."

சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். தப்பு மேளச் சத்தம் வேகமெடுத்தது. வாய்க்கரிசி போடக் கூப்பிட்டார்கள்.

பக்கத்து வீட்டு அம்மாக்கண்ணு செம்பைச் சாய்த்துக் கைகழுவத் தண்ணீர் ஊற்றினாள். கழுவக் கழுவக் கறுப்பாகவே வழிந்தது. "போதும், நேரமாச்சி" என்றார் யாரோ. மீனம்மா குனிந்தாள். வீரய்யாவின் உதட்டில் விழுந்த அரிசியில் பாதி கரியாக இருந்தது.