ஆரோக்கியதாஸின் கேசட்டில் ஒரு பெண்

"யாருங்க அவ?"

மரியபுஷ்பம் இரண்டாம் முறை கேட்டாள். கணவன் ஆரோக்கியதாஸ் வாய் திறக்கவில்லை. திறந்தாலும் பிரயோஜனமில்லை. தொண்டையில் கட்டி என்று போன வருஷம் குரல்வளையையே எடுத்துவிட்டார்கள்.

1999, ஜூன். ஏற்காடு. கம்ப்யூட்டர் சொல்லித்தரும் கிறிஸ்துதாஸின் வீடு. மேஜையில் கம்ப்யூட்டர், பக்கத்தில் டேப் ரெக்கார்டர், நடுவில் ஒரு வயர். ஆரோக்கியதாஸ் கொட்டச்சேட்டில் கணக்கெழுதும் எஸ்டேட் ரைட்டராக இருந்தபோது மாதா திருநாளுக்கு எழுதிப் பாடிய பாட்டு அந்தக் கேசட்டில் இருந்தது. அவர் குரல் உலகத்தில் மிச்சமிருந்த ஒரே இடம். நாடா நைந்துபோய், எப்போது வேண்டுமானாலும் அறுந்துவிடும் நிலை. அதற்குள் கம்ப்யூட்டரில் ஏற்றியாக வேண்டும்.

ஏற்றினான். ஓட்டினான். பாடியது ஒரு பெண்.

"கேசட் மாறிப்போச்சுங்களா அக்கா?"

"அட்டையில இவரு கையெழுத்துதான் தம்பி. பாட்டும் இவருதுதான். பாடறவதான் வேற."

ஆரோக்கியதாஸ் நோட்டில் அவசரமாக எழுதிக் காட்டினார். 'நான்தான் பாடினேன்.'

"அப்ப உங்க குரல் எங்கீங்க? அவ முழுங்கிட்டாளா? எந்த ஊருக்காரி? தலைச்சோலையா, மாரமங்கலமா?"

'தெரியாது' என்று எழுதினார். எழுதியிருக்கவே கூடாது.

"பேரு தெரியாம, ஊரு தெரியாம பாட்டு எழுதிக் குடுத்தீங்களாக்கும்!"

சண்டை முற்றுவதற்குள் கிறிஸ்துதாஸ் மறுபடி ஓட்டினான். முதல் சரணத்தில் அவளுக்கு முப்பது வயசு. மூன்றாவதில் பத்து. பாடப் பாட வயசு இறங்கியது!

"அக்கா, இது சின்னப் புள்ள மாதிரி..."

"மகளையும் கூட்டிட்டு வந்து பாடினாளா?" மரியபுஷ்பத்தின் கண்ணில் நீர் முட்டியது.

கிறிஸ்துதாஸ் காதைத் தீட்டினான். பாட்டுக்குப் பின்னால், தூரத்தில் ஒரு குட்டி நாய் கீச்சுக் கீச்சென்று குரைத்தது.

"அப்ப ஊட்டுல நாய்க்குட்டி இருந்துச்சுங்களா?"

"குட்டியா? எங்க மணி கன்னுக்குட்டி தண்டி இருப்பான் தம்பி. குரைச்சா கூரை அதிரும்."

நிறுத்தினான். "எதுல பதிஞ்சீங்க?"

"பழைய டேப்புல. பேட்டரி செல்லு போட்டு."

"புது செல்லா?"

"புதுசுக்கு எங்க போறது? தீர்ந்துபோன செல்லை களத்துல காப்பிக்கொட்டையோட வெயில்ல காயவெச்சு மறுபடி போடுவோம். நொம்ப நேரம் வராது."

கிறிஸ்துதாஸ் நெற்றியில் அடித்துக்கொண்டான். "காஞ்ச செல்லு பாட்டு நடுவுல செத்துக்கிட்டே வந்திருக்கு. டேப் மெதுவா சுத்தியிருக்கு. அதையே கரண்டுல முழு வேகத்துக்கு ஓட்டினா ஆம்பளக் குரலும் கீச்சுங்கும், நாயும் குட்டியாயிரும். பொம்பளயே இல்லீங்க அக்கா."

மரியபுஷ்பம் உடனே நம்பிவிடவில்லை. "அப்ப இவரு குரலை எடுத்துக் காட்டு."

கிறிஸ்துதாஸ் பாட்டின் கடைசிப் பகுதியை முதலில் எடுத்தான்; அது சரியானால் முன்னால் உள்ளதையும் அதை வைத்துச் சரிசெய்யலாம். வேகத்தைப் பத்து சதவீதம் குறைத்தான். யாரோ ஒரு பையன். இருபது. ஒரு ஆண். முப்பது. எருமை.

ஆரோக்கியதாஸ் '20' என்று எழுதி அடியில் கோடு போட்டார்.

"இல்லவே இல்லீங்க. இன்னும் கனமா இருக்கும்."

'என் குரல் எனக்குத் தெரியாதா?'

"நீங்க பேசினீங்க. இருபத்தாறு வருஷமா கேட்டது நானு!"

இருபத்தொன்று. இருபத்திரண்டு. இரண்டு பேரும் குழம்பினார்கள். கேட்கக் கேட்க எல்லாமே அவர் போலவும் இருந்தது, எவரோ போலவும் இருந்தது. கிறிஸ்துதாஸுக்குத் தலை சுற்றியது. இருபத்துமூன்று வைத்தான். இதுவரை ஒருவரும் பாட்டின் முடிவுவரை பொறுமையாகக் கேட்டிருக்கவில்லை. இந்தத் தடவை களைத்துப்போய் மூவரும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள்.

பாட்டு முடிந்தது. ஒரு செருமல். பிறகு டேப்பை நிறுத்த மறந்த ஒரு மனுஷனின் குரல்.

"புஷ்பம், கொஞ்சம் சுடுதண்ணி கொண்டா."

"இந்தா வாரனுங்க," என்று மரியபுஷ்பம் எழுந்து இரண்டடி வைத்துவிட்டாள். அடுத்தவர் வீட்டுச் சமையலறை வாசலில் நின்றாள். திரும்பவில்லை.

ஆரோக்கியதாஸ் நோட்டை இழுத்து இருபதை அடித்தார். இருபத்துமூன்று என்று எழுதினார்.