அந்த நாளுக்கு வைத்திருந்த கண்ணாடி

பெட்டிக்குள் கைவிட்டதுமே கண்ணாடிக்காரருக்குத் தெரிந்துவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து துடைத்துக் கொடுத்த கண்ணாடி கைக்குத் தெரியாமல் போகுமா? தடித்த லென்ஸ், காதுக் கம்பியின் நுனியில் பல் பட்ட தடம். செத்துப்போன மனைவியின் கண்ணாடி, சபையார் தானம் கொடுத்த பழைய கண்ணாடிகளோடு கலந்து, வேன் ஏறி, இந்த ஊர்ப் பள்ளிக்கூட மேஜைவரைக்கும் வந்து சேர்ந்திருந்தது.

மகள் பார்த்த வேலை. சபையின் இலவசக் கண் சோதனை ஊழியத்துக்கு இவர் கிளம்புகிற அவசரத்தில், “அப்பா, பீரோவுல சும்மா கெடந்ததையும் சேத்து வச்சிருக்கேன்” என்று சொன்னாள். இவர்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தங்கமான பிள்ளை. தங்க ஊசி என்பதற்காகக் கண்ணில் குத்திக்கொள்ள முடியுமா? யாரும் பார்க்குமுன் அதை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அது சும்மா கிடக்கவில்லை. சவப்பெட்டியை மூடப்போகையில் கொழுந்தியாள், “முகம் நல்லாத் தெரியட்டும், கண்ணாடிய எடுத்துருங்க அத்தான்” என்றாள். எடுத்தார். அன்றைக்குப் பிடித்த பயம். கடைசி எக்காளம் ஊதி மரித்தோர் எல்லாம் எழுந்து நிற்கிறபோது, ஒரு சாணுக்கு அப்பால் புகையாகத் தெரிகிற அந்த மனுஷி, அத்தனை கூட்டத்தில் புருஷனை எப்படிக் கண்டுபிடிப்பாள்? உயிர்த்தெழும் சரீரத்தில் கண்பழுது இருக்காது என்று ஞாயிறு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூடச் சொல்லும். இவருக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய? பீரோவைத் திறக்கும்போதெல்லாம் அது இவரையே பார்த்தது. போகும்போது கையோடு கொண்டுபோய் அவள் மூக்கில் மாட்டிவிட வேண்டும் என்று வைத்திருந்தார். வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

மத்தியானம் ஒரு பெண் சுவரைத் தடவிக்கொண்டே வந்து உட்கார்ந்தாள். மகள் வயதுதான் இருக்கும். புருவத்துக்கு மேலே சின்னச் சின்னக் கீறல்கள். கண்ணாடிக்காரர் லென்ஸை மாற்றி மாற்றிப் பார்த்தார். இரண்டு கண்ணுக்கும் மனைவியின் அதே பவர். தன் கடையில் வேறு யாருக்கும் அவர் போட்டுக் கொடுத்திராத பவர்.

பெட்டியைக் கிண்டினார். இல்லை என்று தெரிந்தே கிண்டினார்.

“இல்லையேம்மா.”

சோதித்தபின் ஒவ்வொருவர் தலையிலும் கைவைத்து ஜெபிப்பது இந்தக் குழுவின் வழக்கம். வலது கையை அவள் தலையில் வைத்தார். இடது கை தானாகச் சட்டைப்பையைப் பொத்திக்கொண்டது. “கர்த்தாவே, இந்த மகளோட கண்ணத் திறந்தருளும்” என்றார். குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. அதை நினைத்துத்தான் பிறகு நடுங்கினார்.

“எனக்குக் குடுத்து வைக்கல, விடுங்கய்யா” என்று எழுந்து, வந்த சுவரையே தடவிக்கொண்டு போனாள்.

பக்கத்து மேஜையிலிருந்து போதகர், “பவர் கெடைக்கலையா அண்ணே?” என்றார்.

“கெடைக்கல.”

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்கமாட்டான் என்பார்கள். இன்றைக்குப் பூசாரி யார் என்று அவருக்குத் தெரியும். அதற்குப்பின் கண்ணாடி மாட்டிப் பார்த்த ஒவ்வொருவரும் தலையை ஒருபக்கம் சாய்த்து, மனைவி பார்க்கிற மாதிரியே அவரைப் பார்த்தார்கள். கிழவர் பார்த்தார், லாரி டிரைவர் பார்த்தார். எல்லா லென்ஸுக்கும் பின்னால் அவள்தான் இருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை, பார்த்தாள், அவ்வளவுதான்.

மறுநாள் சாமான்களை வேனில் ஏற்றிக்கொண்டிருக்கையில், இதோ வந்துடறேன் என்று சொல்லிவிட்டு அந்தப் பெண்ணின் வீட்டை விசாரித்துப் போனார்.

ஒற்றை அறை. பாதி தரைக்குச் சட்டைகள் குவிந்து கிடந்தன. அவள் மூக்கைத் துணியில் ஒட்டிவைத்துப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள்.

“இவ்வளவு கிட்டவா வச்சுத் தைப்ப?”

“பட்டன் ஓட்டைய கையே பாத்துக்கும் ஐயா, தடவிக்கிட்டே வந்தா தப்பாது. ஊசிதான் நெத்தியில ஏறுது. ரத்தம் சட்டையில பட்டுடுது. இதோட சரி, இனிமே துணி தரமாட்டேன்னுட்டாரு கடைக்காரரு.”

பையிலிருந்து எடுத்தார். வழக்கம்போல வேட்டி முனையால் துடைத்தார். மாட்டிவிட்டார்.

அவள் நிமிர்ந்தாள். கதவைப் பார்த்தாள். கதவுக்கு வெளியே தெருவைப் பார்த்தாள். தன் கையைத் தூர நீட்டி வைத்துக்கொண்டு பார்த்தாள். அப்புறம் தலையை ஒருபக்கம் சாய்த்து, நிதானமாக அவரைப் பார்த்தாள்.

“ஐயா, பட்டன ஒரு ஓட்டை தள்ளிப் போட்டிருக்கீங்க.”

அவர் குனிந்து சட்டையைப் பார்த்தார். கோயிலுக்குப் புறப்படும்போதெல்லாம் வாசலில் நிறுத்தி வைத்து மனைவி சொல்கிற வார்த்தை. சொல்லிக்கொண்டே அவள் கை சரிசெய்யத் தொடங்கிவிடும். அவள் போனபிறகு யாரும் சொல்லவில்லை.

“யாரோடதுங்கய்யா இது?”

“எம் பொண்டாட்டியோடது.”

“அப்ப அவங்களுக்கு வேணாமா?”

காதுக் கம்பியை அவள் காதோரம் அழுத்திவிட்டார்.

“வேணும்” என்றார். “நீ போட்டுக்கோம்மா.”

கழற்றப்போனவளின் கையைப் பிடித்துத் தடுத்துவிட்டு, திரும்பிப் பாராமல் நடந்தார்.

வேன் கிளம்பியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த போதகர், “என்ன அண்ணே, சட்டை கோணலா கெடக்கு” என்றார்.

பட்டனை அவிழ்க்கப்போன விரல் நின்றது.

“இருக்கட்டும் பாஸ்டர். அந்த நாள்ல கிட்ட வந்து தடவிப் பாத்தா, நாந்தான்னு அவளுக்குத் தெரியும்.”

கண்ணாடிக்காரர் கண்ணை மூடிக்கொண்டு, கழுத்திலிருந்து ஒவ்வொரு ஓட்டையாகத் தடவிக்கொண்டு வந்தார். கீழே, ஓட்டை கிடைக்காமல் ஒரு பட்டன் தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தது.