மோதல் இல்லாத அட்டவணை

சுகாதார அமைச்சகத்தின் மூன்றாவது மாடியில், லிஃப்டுக்குப் பக்கத்து அறையில் இருப்பவருக்கு நீளமான பதவிப் பெயர் ஒன்று உண்டு: சர்வதேச வளர்ச்சிக் கூட்டாளி அமைப்புகள் ஒருங்கிணைப்பு அலுவலர். அதை ஒரே மூச்சில் சொல்லி முடித்தவர் இதுவரை யாருமில்லை. ஆபீஸ் முழுக்க அவரை டிராஃபிக் என்றுதான் கூப்பிட்டார்கள். நேரில் கூப்பிடும்போது மட்டும் டிராஃபிக் சார்.

பெயர் பொருத்தமானதுதான். நாட்டின் சுகாதாரத்துக்கு உதவ ஐந்து வெளிநாட்டு அமைப்புகள் வந்திருந்தன. மலேரியாக்காரர்கள், சத்துணவுக்காரர்கள், தடுப்பூசிக்காரர்கள், தாய்சேய்க்காரர்கள், கணினிக்காரர்கள். எல்லோரும் நல்ல மனிதர்கள், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் ஐந்து பேரில் எந்த இரண்டு பேரும் ஒரே நாளில் ஒரே இடத்தில் சந்தித்துக்கொள்ள விரும்பமாட்டார்கள். புகைப்படத்தில் அடுத்தவர் பேனர் விழுந்துவிட்டால் ஒரு வாரத்துக்கு முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வார்கள். அவர்களை மோதாமல் ஓட்டுவதுதான் டிராஃபிக்கின் வேலை.

சும்மா சொல்லக் கூடாது, மனிதர் பிரமாதமாக ஓட்டினார். சுவரில் ஆளுயரப் பலகை. திங்கள் மலேரியா, செவ்வாய் சத்துணவு, புதன் தடுப்பூசி, வியாழன் தாய்சேய், வெள்ளி கணினி. தலைவர் வருவார், துணைத் தலைவர் வருவார், மதிப்பீட்டுக்காரர் வருவார், அவரை மதிப்பிடுகிறவரும் வருவார். இரண்டு வருஷத்தில் ஒரு மோதல் கிடையாது. அடுத்த மாத ஆண்டுக் கூட்டத்தில் இயக்குநர் அவரை மேடையேற்றிப் பாராட்டப்போவதாகப் பேச்சு. டிராஃபிக் அதற்காக ஒரு கோட்டுகூடத் தைக்கக் கொடுத்துவிட்டார்.

வருகிறவர்கள் எல்லோரும் பார்ப்பது ஒரே சுகாதார நிலையத்தை. தலைநகரத்திலிருந்து நாற்பது நிமிஷம், குண்டும் குழியும் இல்லாத சாலை, போனில் சிக்னல் கிடைக்கும், கழிப்பறை சுத்தம். காலையில் கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு ஓட்டலுக்குத் திரும்பிவிடலாம். வேறு நிலையத்தின் பெயரைச் சொன்னால் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி கழிப்பறையைப் பற்றித்தான். அந்த நிலையத்தின் ஒரே நர்ஸ் டிராஃபிக்கின் சொந்தத் தங்கை. சிபாரிசு ஒன்றுமில்லை, அவள் பாட்டுக்குப் பரீட்சை எழுதி வந்தவள்.

அந்தத் தங்கை ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் போன் செய்தாள்.

"அண்ணா, வர்ற வியாழக்கிழமை எனக்கு யாரும் வரக் கூடாது."

"ஏன், உடம்பு சரியில்லையா?"

"என் உடம்புக்கு ஒண்ணுமில்லை. ரெண்டாவது வியாழன் நான் ஆத்துக்கு அந்தப் பக்கம் தடுப்பூசி போடப் போகணும். மாசத்துக்கு ஒரு நாள்தான் அது. ரெண்டு மாசமாத்தான் அந்த வியாழனுக்கும் ஆள் அனுப்பறே. போன மாசமும் போகலை, அதுக்கு முந்தின மாசமும் போகலை. இப்போ அங்க தட்டம்மைன்னு காதுல விழுது. அறுபத்திரெண்டு பிள்ளைங்க இருக்காங்க. புரியுதா?"

"வியாழன் தாய்சேய்க்காரங்க வராங்களேம்மா. டிக்கெட் எல்லாம் எடுத்தாச்சு. வேற ஒரு நாள் போயேன்."

"எந்த நாள்? நீயே சொல்லு. உன் பலகையைப் பார்த்துச் சொல்லு."

டிராஃபிக் பலகையைப் பார்த்தார். திங்கள், செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி. ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல், நடுவில் ஒரு நூல் இடைவெளி இல்லாமல், அழகாக அடுக்கியிருந்தார். ஆளுக்கொரு நாள் கொடுத்ததில் தங்கைக்கென்று ஒரு நாள்கூட மிச்சமில்லை. இரண்டு வருஷமாகத் தினமும் பார்த்த பலகைதான். இது மட்டும் கண்ணில் படவே இல்லை.

"என்ன, சத்தத்தைக் காணோம்?" என்றாள் தங்கை.

"பார்த்துட்டுத்தான் இருக்கேன்."

"நீ ரொம்பக் கெட்டிக்காரன்ணா. எல்லாரும் சொல்றாங்க," என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

தாய்சேய்க்காரர்களைப் புதன்கிழமைக்கு மாற்றிப் பார்த்தார். அங்கே தடுப்பூசிக்காரர்கள். அவர்களைச் செவ்வாய்க்குத் தள்ளினால் சத்துணவு. சத்துணவைத் திங்களுக்குத் தள்ளினால் மலேரியா. எப்படிப் புரட்டினாலும் கடைசியில் யாரோ ஒருவர் நடுரோட்டில் நின்றார். வருகையையே ரத்து செய்ய இயக்குநர் சம்மதிக்க மாட்டார். விருந்தாளியை வரவேண்டாம் என்று சொல்வதைவிட ராஜினாமா செய்வது சுலபம் என்று நினைப்பவர் அவர்.

கடைசியில் டிராஃபிக்குக்கு ஒரு யோசனை வந்தது. அவருக்கே அது அபசாரமாகத்தான் பட்டது. இரண்டு பேரை மோதவிட்டால் அது பாரபட்சம். ஐந்து பேரையும் மோதவிட்டால் அது கொள்கை.

டைப்பிஸ்ட் அக்காவைக் கூப்பிட்டார். "அஞ்சு பேருக்கும் ஒரே கடிதம். 'அடுத்த வார வருகை புதன்கிழமை பத்து மணிக்கு மாற்றப்பட்டுள்ளது.' அவ்வளவுதான்."

அக்கா கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அஞ்சு பேருக்குமா சார்? ஒரே புதனா?"

"ஆமா."

"வேற எங்கயாவது வேலை கிடைச்சிடுச்சா சார்?"

"இனிமேதான் தேடணும். அடிங்க."

புதன்கிழமை பத்து மணிக்கு அந்தச் சின்ன முற்றத்தில் ஐந்து வெள்ளை வண்டிகள் வந்து நின்றன. நோயாளிகள் சுவரை ஒட்டி ஒதுங்கி நிற்க வேண்டியதாயிற்று. இறங்கிய இருபத்துமூன்று பேரும், பல் டாக்டர் வீட்டு வாசலில் சந்தித்துக்கொண்டவர்கள் போல ஒருவரைப் பார்த்து ஒருவர் சிரித்தார்கள். பேனர் ஐந்து, சுவரில் ஆணி ஒன்று. யாருடையதை மாட்டுவது என்று பத்து நிமிஷம் மிக மரியாதையாகச் சண்டை போட்டுவிட்டு, ஐந்தையும் சுருட்டி வண்டியிலேயே வைத்தார்கள்.

தங்கை பேச ஆரம்பித்தாள். ஐந்து மொழிபெயர்ப்பாளர்களும் ஒரே சமயத்தில் வாயைத் திறந்தார்கள். சந்தைக்கடையே தேவலாம் என்றாகிவிட்டது. கடைசியில் மலேரியாக்காரர்களின் மொழிபெயர்ப்பாளருக்குக் குரல் கணீரென்று இருக்கிறது என்று முடிவுசெய்து, மற்ற நால்வரையும் உட்காரச் சொன்னார்கள். அவர்களுக்கும் உள்ளூர சந்தோஷம்தான்.

டிராஃபிக் ஓரமாக நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தார். அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்து, யாரும் யாரையும் கடிக்காமல் கிளம்பிவிடுவார்கள் போலிருந்தது. அப்போதுதான் தாய்சேய்க்காரர்களின் தலைவி, நெட்டையான அம்மாள், வழக்கமான கேள்வியைக் கேட்டார். "தடுப்பூசி விட்டுப்போன குழந்தைகள் எத்தனை பேர்?"

"அறுபத்திரெண்டு," என்றாள் தங்கை. "ஆத்துக்கு அந்தப் பக்கம். ரெண்டு மாசமா ஒரு பிள்ளைக்கும் போடலை."

"அடடா. என்ன காரணம்? அங்கே தாய்மார்களுக்கு விழிப்புணர்வு போதவில்லையோ?"

தங்கை அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் தரையைப் பார்த்தார். அவள் மேஜை இழுப்பறையைத் திறந்து பார்வையாளர் புத்தகத்தை எடுத்தாள். இரண்டு பக்கங்களில் அடையாளம் வைத்து நெட்டை அம்மாளிடம் நீட்டினாள்.

"தாய்மாருக்கு நல்லாவே விழிப்புணர்வு இருக்கு மேடம். கரையில வந்து காத்திருந்தாங்க. நான்தான் போகலை. அன்னிக்கு இங்க விருந்தாளி."

ஐந்து தலைகள் ஒரே புத்தகத்தின் மேல் குனிந்தன. போன மாதம், இரண்டாவது வியாழன். நெட்டை அம்மாளின் கையெழுத்தேதான், அழகாக, சாய்வாக. பக்கத்தில் 'வருகையின் நோக்கம்' என்ற இடத்தில் அவரே எழுதியிருந்தார்: 'தடுப்பூசி விட்டுப்போன குழந்தைகளை எப்படிச் சென்றடைவது என்று அறிய.'

மொழிபெயர்க்க அங்கே ஒன்றுமில்லை. அந்த அம்மாளின் காது இரண்டும் செக்கச்செவேலென்று ஆயின. மலேரியாக்காரர் சிரிக்கத்தான் பார்த்தார், அதற்குள் பக்கத்தைத் திருப்பிவிட்டார்கள், அடுத்து வந்த திங்கட்கிழமையில் அவருடைய கையெழுத்து. பிறகு யாருக்கும் சிரிப்பு வரவில்லை. டிராஃபிக்குக்கு எங்கேயாவது போய் முகத்தை ஒளித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அந்தப் புத்தகத்தில் இருந்த எல்லோரையும் நாள் பார்த்து, நேரம் பார்த்து அனுப்பிவைத்தது அவர்தானே.

"நாளைக்கு என்ன செய்வீர்கள்?" என்று நெட்டை அம்மாள் மெதுவாகக் கேட்டார்.

"நாளைக்கு நீங்க யாரும் வரலைன்னா, போவேன்," என்றாள் தங்கை.

யாரும் வரவில்லை. வியாழக்கிழமை முழுக்க டிராஃபிக் வேலையே செய்யவில்லை. போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார். டைப்பிஸ்ட் அக்கா இரண்டு தடவை டீ வாங்கிக் கொடுத்தார், இரண்டும் ஆறிப்போயின. ஐந்து மணிக்குத் தங்கை கூப்பிட்டாள்.

"அறுபத்தோரு பிள்ளைங்களுக்குப் போட்டாச்சு," என்றாள். குரலில் ஒரே களைப்பு.

"அறுபத்திரெண்டுன்னு சொன்னியே?"

"ஒரு பொண்ணுக்கு ஏற்கெனவே வந்துடுச்சுண்ணா. பத்து மாசக் குழந்தை. உடம்பெல்லாம் சிவந்து, கண்ணைத் திறக்க முடியாம கிடந்தா. மூச்சு வேற வாங்குது. அவளையும் அவ அம்மாவையும் என்கூடவே கூட்டிட்டு வந்து பெரிய ஆஸ்பத்திரியில சேர்த்துட்டேன். தேறிடுவான்னு டாக்டர் சொல்றார்."

"போன மாசம் போட்டிருந்தா..."

"போட்டிருந்தா வந்திருக்காது."

டிராஃபிக்குக்கு அவமானமாக இருந்தது. எத்தனையோ அறிக்கைகளில் 'விட்டுப்போன குழந்தைகள்' என்று படித்திருக்கிறார், எழுதியும் இருக்கிறார். கண்ணைத் திறக்க முடியாமல் கிடந்த ஒரு பத்து மாதப் பெண்ணைத் தன் கையால் அந்தக் கணக்கில் சேர்த்திருக்கிறோம் என்பது அன்றுதான் உறைத்தது.

"நீ அழறியா என்ன?" என்றாள் தங்கை. "அழாதே. போய்ச் சாப்பிடு."

வெள்ளிக்கிழமை காலை இயக்குநர் கூப்பிட்டபோது, வேலை போயிற்று என்றே நினைத்துக்கொண்டு டிராஃபிக் மாடியேறினார். போனால், இயக்குநருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

"அசத்திட்டய்யா! கூட்டு வருகை! அஞ்சு பேரும் ஒரே வண்டியில வந்தது மாதிரி ஒரே கடிதம் எழுதியிருக்காங்க. இனிமே தனித்தனியா வரமாட்டாங்களாம், மாசத்துக்கு ஒரு தடவை சேர்ந்துதான் வருவாங்களாம். இதை ஏன் முன்னாடியே செய்யலைன்னு கேக்கறாங்க."

"நல்லது சார்."

"இன்னும் கேளு. அடுத்த தடவை நிலையத்தைப் பார்க்க வேண்டாமாம். ரெண்டாவது வியாழன் உன் தங்கச்சிகூடவே ஆத்தைத் தாண்டி வந்து, வேலையைக் கண்ணால பார்க்கணுமாம். அமைப்புக்கு ஒருத்தர்தான், மொத்தம் அஞ்சு பேர். ஏற்பாடு பண்ணிடு."

"முடியாது சார்," என்றார் டிராஃபிக். இந்த வார்த்தையை அந்த அறையில் அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. "அது சின்னப் படகு. படகுக்காரர் ஒருத்தர், என் தங்கச்சி, தடுப்பூசிப் பெட்டி. அதுக்கு மேல ரெண்டு பேருக்குத்தான் இடம்."

"அப்போ ரெண்டு பேர் போகட்டுமே. அந்த ரெண்டு இடம் சும்மாதானே இருக்கு?"

"போகும்போது சும்மாதான் இருக்கும் சார்," என்றார் டிராஃபிக். "நேத்து திரும்பி வரும்போது அதுல ஒரு அம்மாவும் பிள்ளையும் வந்தாங்க."