அடையில் நாலு பல்

பல்லக்கா வீட்டுக் கோழிக்கு உலகத்தில் எதைக் கண்டும் பயம் கிடையாது. அந்த வீட்டு நாய்க்கு உலகத்தில் எதைக் கண்டாலும் பயம். இரண்டுக்கும் நடுவில் ஒரு பூனை. தண்ணீர்த் தொட்டி மூடியின் மேல் உட்கார்ந்து இருவரையும் பார்த்துக்கொண்டிருப்பதோடு அதன் வேலை முடிந்தது.

கோழிக்குப் ‘பெரியம்மா’ என்று பெயர் வைத்தவர் பல்லக்காவின் கணவர். பஸ் டிரைவர். “எங்க பெரியம்மாவும் இப்படித்தான். யார் வீட்டுக்கு வந்தாலும் மேலேயும் கீழேயும் ஒரு பார்வை, அப்புறம் ஒரு சத்தம்” என்பார். நாய்க்கு ‘இன்ஸ்பெக்டர்’ என்று வைத்ததும் அவர்தான். குட்டியாக வந்தபோது மீசையும் நடையும் அப்படி இருந்ததாம். மீசை இன்னும் இருக்கிறது. நடைதான், கோழியைக் கண்டால் சுவரோரமாக ஒதுங்கிவிடுகிறது. பூனை ‘ஜட்ஜம்மா’. எல்லா வழக்கையும் கேட்கும். எதற்கும் தீர்ப்பு சொல்லாது.

பல்லக்கா என்பதும் தெரு வைத்த பெயர்தான். செயற்கைப் பல் செய்வது அவள் தொழில். ஒன்பது வருஷம் ஊரின் மறுகோடியில் இருந்த பெரிய பல் கூடத்தில், ஜன்னல் இல்லாத அறையில், வரிசையில் ஆறாவது நாற்காலியில் உட்கார்ந்து ஊரான் வாய்க்கெல்லாம் பல் கட்டினாள். போக இரண்டு பஸ், வர இரண்டு பஸ். போன மாதம் ஒருநாள் துணிந்து வேலையை விட்டுவிட்டு, வீட்டின் பின்னறையில் சொந்தமாகத் தொடங்கிவிட்டாள்.

கூடத்து முதலாளி கோபப்படவில்லை. சிரித்தார். அதுதான் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

“உன் நாற்காலி அடுத்த மாசம் முடியிற வரைக்கும் காலியாவே இருக்கும்மா. கடைசித் திங்கட்கிழமை வந்துட்டா, நான் எதுவும் கேக்க மாட்டேன். அதுக்கப்புறம் வேற ஆளு.”

அந்தத் திங்கட்கிழமைக்கு இன்னும் ஒரு வாரம்தான். இதுவரை பின்னறைக்கு வந்த வேலை ஒன்றே ஒன்று. கடைத்தெருப் பல் டாக்டரம்மா அனுப்பியது. மேல்வரிசையில் நாலு முன்பல். “இது கச்சிதமா அமைஞ்சா, இனி என் கிளினிக் வேலை பூரா உங்களுக்குத்தான்” என்று சொல்லியிருந்தார்.

பல்லுக்கு உரியவர் ஊர் பேண்டு குழுவின் டிரம்பெட்காரர். சைக்கிளிலிருந்து விழுந்து நாலு பல்லையும் தெருவுக்குக் கொடுத்துவிட்டவர். முன்பல் இல்லாமல் டிரம்பெட் ஊதினால் வருவது காற்று மட்டும்தான். சனிக்கிழமை இரண்டு மணிக்கு ஒத்திகை. அதில் ஊதிக் காட்டாவிட்டால் அவர் இடத்துக்கு வேறொருவர்.

ஆக, ஒரே நாலு பல்லை நம்பி இரண்டு நாற்காலிகள்.

இது இப்படி இருக்க, கொல்லையில் வேறொரு விவகாரம் நடந்துகொண்டிருந்தது.

பெரியம்மா இடும் முட்டைகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. பழி முதலில் இன்ஸ்பெக்டர் மேல் விழுந்தது. அதுவும் குற்றத்தை ஒப்புக்கொண்டதுபோலத்தான் முகத்தை வைத்துக்கொண்டது. ஆனால் ஒருநாள் காலை சமையலறை ஜன்னல் வழியே பார்த்தபோது உண்மை தெரிந்தது. வேலி ஓட்டையில் புகுந்து வந்தது ஒரு கீரி. முட்டையை உருட்டிக்கொண்டு போய்ச் சுவருக்கு முதுகைக் காட்டி நின்றது. முன்னங்கால்களால் முட்டையைப் பிடித்து, பின்னங்கால்களுக்கு நடுவே பின்பக்கமாக ஓர் எறி. சுவரில் பட்டு முட்டை உடைந்தது. நக்கிவிட்டு மீசையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டது.

“என்னா குறி பாத்தியா! திரும்பிக்கூடப் பாக்கலை. எனக்கு ரிவர்ஸ் எடுக்க ரெண்டு கண்ணாடி வேண்டியிருக்கு” என்று டிரைவர் வியந்தார்.

“நீங்க கைதட்டுங்க. நான் அதுக்கு ஒரு வழி பண்றேன்” என்றாள் பல்லக்கா.

பல் அச்சுக்கு வாங்கிய பிளாஸ்டரில் மிச்சம் இருந்தது. அதைக் குழைத்து நாலு முட்டை செய்தாள். செய்ததோடு விட்டாளா? வேலை இல்லாத கை வேறு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மெருகேற்றினாள். நிஜ முட்டை பக்கத்தில் வைத்தால் நிஜம்தான் போலியாகத் தெரியும்.

மறுநாள் கீரி வந்தது. எறிந்தது. ‘டொக்.’ திரும்பிப் பார்த்தது. மறுபடி எறிந்தது. ‘டொக்.’ டிரைவர் எண்ணிக்கொண்டே இருந்தார், பதினேழு தடவை. கடைசியில் அது முட்டையை முகர்ந்து, சுவரை முகர்ந்து, தன் பின்னங்காலையும் முகர்ந்து பார்த்துவிட்டு, மானம் போன முகத்தோடு வேலிக்குள் நுழைந்தது.

பல்லக்கா வென்றாள். ஆனால் பெரியம்மா அந்தப் பிளாஸ்டர் முட்டைகள் மேல் அடைக்கு உட்கார்ந்துவிட்டது! இது பொரியாது தாயே என்று அதற்கு யார் போய்ச் சொல்வது? கிட்டப் போனால் கையைப் பதம் பார்த்தது. போதாததற்கு, கொல்லையில் வெள்ளையாய் உருண்டையாய் எது கிடந்தாலும் அலகால் உருட்டிக்கொண்டு போய் அடியில் சேர்த்தது. டேபிள் டென்னிஸ் பந்து ஒன்று போனது. பாதி வெங்காயம் ஒன்றும் போனது.

சனிக்கிழமை வந்தது.

நாலு பல்லும் கடைசிக் கட்டத்தில் இருந்தன. ரோஸ் நிற ஈறில் பதித்து, சுற்றிப் பிளாஸ்டர் ஊற்றி, பித்தளை டப்பாவில் அடைத்து, வெந்நீரில் வேகவைத்தாகிவிட்டது. டப்பாவைத் திறந்தால் வெள்ளைக் கட்டி ஒன்று வரும். அதைச் சின்னச் சுத்தியலால் பக்குவமாய்த் தட்டி உடைத்தால் உள்ளே பல். கை தவறினால் பல்லும் சேர்ந்து போகும். பல்லக்காவுக்கு இதில் ஒரு தனிப் பழக்கம் உண்டு. கட்டியை உடைப்பதற்கு முன் ஓரமெல்லாம் சீவி உருண்டையாக்கிவிடுவாள். அப்போதுதான் அடி எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இறங்கும் என்பது அவள் கணக்கு. கூடத்தில் எல்லோரும் கேலி செய்வார்கள். அவள் கையில் இதுவரை ஒரு பல்லும் உடைந்ததில்லை.

அன்றும் சீவினாள். வாத்து முட்டை அளவுக்கு வழுவழுவென்று வந்தது. சூடு முழுக்க ஆறட்டும் என்று கொல்லைப் படியில் ஒரு தட்டில் வைத்தாள். அந்த நேரம் பார்த்து டாக்டரம்மாவின் போன்.

“பதினோரு மணிக்கு அவரையே உங்க வீட்டுக்கு அனுப்புறேன். வாங்கிட்டு நேரா இங்க வரட்டும், நான் மாட்டி விட்டுடறேன். ரெடிதானே?”

“ரெடி மேடம். உடைச்சு எடுக்க வேண்டியதுதான் பாக்கி.”

போனை வைத்துவிட்டு வந்தாள். தட்டு இருந்தது. கட்டியைக் காணோம்.

படிக்கு அடியில் குனிந்து பார்த்தாள். மறுபடி அச்சு வைத்து வேகவைக்க இரண்டு நாளாகும். மணி பத்து இருபது.

“ஏங்க! படியில இருந்ததை எடுத்தீங்களா?”

“நான் எதுக்கு எடுக்கறேன்? எனக்குத்தான் முப்பத்திரண்டும் இருக்கே.”

“விளையாடாதீங்க, பல்லைக் காணோம்!”

டிரைவர் இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் உடனே படுத்து நாலு காலையும் மேலே தூக்கியது. ஜட்ஜம்மா தொட்டி மேலிருந்து கண்ணை மட்டும் கோழிக்கூட்டுப் பக்கம் நகர்த்தியது. பல்லக்காவுக்குப் பொறி தட்டியது. வெள்ளை. உருண்டை.

“பெரியம்மா!”

கொல்லைக்கு ஓடினார்கள். பெரியம்மா இறகையெல்லாம் சிலிர்த்து, இருந்ததைவிட இரண்டு மடங்காகி உட்கார்ந்திருந்தது. டிரைவர் குடையை விரித்துக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

“கையை உள்ள விடுங்க!”

“விடறேன்... ஆ! கொத்துதுடி! ஒண்ணு, ரெண்டு... இது பந்து... மூணு, நாலு... இது என்ன, வெங்காயமா? சீ! அவ்வளவுதான், வேற இல்லை.”

“நல்லா பாருங்க. பெரிசா ஒண்ணு இருக்கணும்.”

“இல்லைன்னா இல்லை. கூட்டுக்குப் பின்னாடி ஓட்டை ஒண்ணுதான் இருக்கு. மண்ணு புதுசா பறிச்சிருக்கு.”

சரியாக அதே நொடியில், கொல்லைக்கோடிச் சுவர்ப்பக்கமிருந்து சத்தம் கேட்டது.

‘டொக்.’

இருவரும் அப்படியே நின்றார்கள். கீரிதான். பதினேழு தடவை தோற்றுப் போனவன் இன்று பெரிய முட்டையாகத் தேடி எடுத்துக்கொண்டு கணக்குத் தீர்க்க வந்திருந்தான். சுவருக்கு முதுகு, கால்களுக்கு நடுவே கட்டி, ஓர் எறி. ‘டொக்.’

டிரைவர் செருப்பைக் கழற்றினார். பல்லக்கா அவர் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“வேணாம்! விரட்டினா வாயில கவ்விட்டு வேலிக்குள்ள போயிடும். அப்புறம் எங்க போய்த் தேடுறது?”

“அதுக்காக அடிச்சு உடைக்கட்டும்னு பாத்துட்டு நிக்கறதா?”

பல்லக்கா கண்ணைச் சுருக்கிக்கொண்டாள். கட்டியின் மேல் ஒரு மயிரிழைக் கீறல் விழுந்ததைப் பார்த்துவிட்டாள். ஒவ்வொரு தடவையும் கட்டி உருண்டு வேறு பக்கமாகத் திரும்பியது. அடி மாறி மாறி விழுந்தது. அவள் சுத்தியல் இறங்குவதும் இப்படித்தான். உருண்டையாகச் சீவியது வீண்போகவில்லை.

“மெதுவா...” என்று முணுமுணுத்தாள். “அங்க இல்லைடா, அங்க பல்லு நுனி இருக்கு. இந்தப் பக்கம் திருப்பு... ஆங், அதான்.”

“அதுக்கு வேலை சொல்லிக் குடுக்கறியா நீ?”

“சும்மா இருங்க. கூடத்துல புதுசா சேந்தவங்களைவிட நல்லா பண்ணுது.”

‘டொக்.’ ‘டொக்.’ அப்புறம் ஒரு ‘சடக்.’ பல்லக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

திறந்தபோது பிளாஸ்டர் இரண்டாகப் பிளந்து கிடந்தது. கீரி ஆசையாய்த் திரும்பி மூக்கை நீட்டியது. உள்ளே மஞ்சள் கருவைக் காணோம். ரோஸ் நிற ஈறும், வெள்ளை வெளேரென்று நாலு பல்லும் அதைப் பார்த்து இளித்துக்கொண்டிருந்தன.

ஒரு முட்டை தன்னைப் பார்த்துச் சிரிக்கும் என்று எந்தக் கீரிதான் எதிர்பார்க்கும்? வால் மயிரெல்லாம் குத்திட்டு நிற்க, நின்ற இடத்திலிருந்தே ஒரு முழம் எகிறியது. இறங்கியது சரியாக இன்ஸ்பெக்டரின் முன்னால். அது ஒரு கத்து, இது ஒரு கத்து. கீரி வேலிப்பக்கம் ஓட, இன்ஸ்பெக்டர் வீட்டுக்குள் ஓடிக் கட்டிலடியில் புகுந்தது.

“எடுங்க, சீக்கிரம்!” என்று பல்லக்கா பாய்வதற்குள் பெரியம்மா முந்திக்கொண்டது. தன் முட்டையைத் திருடியவனைத் துரத்த வந்த வேகத்தில் பல்லைப் பார்த்தது. தலையை ஒரு பக்கம் சாய்த்து யோசித்தது. பிறகு இறகை விரித்து, நிதானமாக, அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டது.

வாசலில் மணி அடித்தது. டிரம்பெட்காரர்! பெட்டியும் கையுமாக நேரே கொல்லைக்கே வந்துவிட்டார். ஒல்லியான மனிதர், பேசும்போது வாயைக் கைக்குட்டையால் மறைத்துக்கொண்டார்.

“பல்லு ஆயிடுச்சா, அக்கா?”

பல்லக்கா பொய் சொல்லப் பழகாதவள். “ஆயிடுச்சு அண்ணே. அடையில இருக்கு.”

“எதுல?”

அவள் கோழியைக் காட்டினாள். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். “நல்லா கழுவி, மருந்துல ஊறவெச்சு, மெருகு போட்டுத்தான் குடுப்பேன். உங்களுக்கு அருவருப்பா இருந்தா சொல்லிடுங்க. டாக்டரம்மாகிட்ட நானே சொல்லிக்கறேன்.”

டிரம்பெட்காரர் கோழியை வெகுநேரம் பார்த்தார். கைக்குட்டை மெல்லக் கீழே இறங்கியது. தோள் குலுங்கியது. மூன்று வாரமாகச் சிரிக்காத மனிதர், பொக்கை வாய் முழுக்கத் தெரியச் சிரித்தார்.

“ஒத்திகைக்குப் போகலைன்னா என் இடம் போயிடும். நான் எங்க அருவருப்பைப் பாக்கறது? இவங்களை எழுப்ப என்ன வழி, அதைச் சொல்லுங்க.”

“குடை வெச்சுப் பாத்தாச்சு” என்றார் டிரைவர், விரலை ஊதிக்கொண்டே.

டிரம்பெட்காரர் பெட்டியைத் திறந்து வாத்தியத்தை எடுத்தார். பெரியம்மாவின் பின்னால் போய்க் குந்தி உட்கார்ந்து, கன்னத்தை உப்பி ஊதினார். முன்பல் இல்லாத வாயிலிருந்து பித்தளைக் குழாய் வழியாக வந்த அந்தச் சத்தத்தைச் சபையில் சொல்ல முடியாது. நல்ல குடும்பத்துக் கோழி பொறுத்துக்கொள்ளும் சத்தமும் அல்ல அது. பெரியம்மா விருட்டென்று எழுந்தது. தன் பின்பக்கத்தைத் தானே ஒரு தரம் சந்தேகமாகத் திரும்பிப் பார்த்தது. பிறகு கழுத்தை நிமிர்த்திக்கொண்டு, இங்கே எதுவும் நடக்கவில்லை என்பதுபோல் நடந்துபோனது.

பல்லக்கா பல்லை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை.

ஒன்றரை மணிக்குப் போன் வந்தது. டாக்டரம்மா.

“ஒரு நிமிஷம், இதைக் கேளுங்க.”

முதலில் கோணலாக ஒரு சத்தம். டாக்டரம்மா ஏதோ சொல்வது கேட்டது. மறுபடி ஒன்று; இந்த முறை பாதி நேர். மூன்றாவது நீளமாக, பளிச்சென்று, அடியிலிருந்து உச்சிவரை ஏறிப் போய் அங்கேயே நின்றது. கட்டிலடியிலிருந்து இன்ஸ்பெக்டர் கூடவே ராகம் இழுத்தது.

“கேட்டுச்சா? சும்மா அளவெடுத்த மாதிரி உக்காந்துடுச்சு” என்றார் டாக்டரம்மா. “திங்கட்கிழமை காலையில மூணு பேரோட அச்சு அனுப்புறேன். வீட்டுல இருப்பீங்கல்ல?”

“இருப்பேன் மேடம்” என்றாள் பல்லக்கா. “திங்கட்கிழமை நான் எங்கேயும் போகலை.”

அதே கையோடு முதலாளிக்கும் போன் போட்டு, அந்த நாற்காலியை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடும்படி சொல்லிவிட்டாள். இந்தத் தடவை சிரித்தது அவள்.

மாலையில் பக்கத்துத் தெருவில் சேவல் வைத்திருப்பவர் வீட்டிலிருந்து ஆறு முட்டை வாங்கி வந்தாள். இருட்டத் தொடங்கியதும், பெரியம்மா கண் அசந்த நேரம் பார்த்து, பிளாஸ்டர் முட்டைகளையும் பந்தையும் வெங்காயத்தையும் எடுத்துவிட்டு ஐந்தை அடியில் வைத்தாள். கூட்டுக்குப் பின்னால் இருந்த ஓட்டையை டிரைவர் கல் வைத்து அடைத்தார்.

“ஆறு வாங்கின, அஞ்சுதான் வெச்ச?”

ஆறாவதை அவள் மறுநாள் காலை கொல்லைக்கோடிச் சுவரடியில் வைத்துவிட்டு வந்து, ஜன்னலருகே காபியோடு நின்றாள். வேலி அசைந்தது. ஒரு மூக்கு வந்தது. முட்டையைச் சுற்றி இரண்டு தரம் நடந்தது. காதை வைத்துக் கேட்டது. சிரிக்கிறதா என்று பார்த்தது போலும். பிறகு சுவருக்கு முதுகைக் காட்டி நின்றது.

இந்த முறை ஒரே எறிதான்.