குரலில் இருந்த பிசிறு

...மைக்கை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும், இதையே முணுமுணுத்துக்கொண்டுதான் கியூசோக், சியோல் நகரின் நாக்வோன் வாத்தியக் கடைத்தொகுதியில் படியேறினார், நாற்பத்தாறு வயதில் மறுபடியும் வீட்டிலேயே பாட்டுப் பதிவு செய்யும் ஆசை, சிரிப்பார்களோ, சிரித்தால் சிரிக்கட்டுமே... தங்க வலை போட்ட அந்தப் பெரிய மைக்கைக் கண்ணாடிக்குள் பார்த்ததுமே கை பரபரத்தது, ஆனால் கடைக்காரி பியோன், முப்பது வயதிருக்கும், வாயில் பாதி கிம்பாப் சோற்றுச்சுருள், அதை எடுத்துத் தரவே இல்லை. "மொதல்ல பழைய பதிவு ஏதாவது இருந்தாப் போடுங்கண்ணே. நோய் என்னன்னு தெரியாம மருந்து குடுக்க நான் என்ன போலி டாக்டரா?" கைப்பேசியில் இருந்தது ஒன்றே ஒன்று, பதினோரு வருடத்துக்கு முந்தையது, தங்கை ஹேரிம் பாடியது, அதையா போடுவது, வேறு வழி... எதிரொலி அடங்க அலமாரியின் மேல் ரஜாய் தொங்கவிட்டு, உறுமுகிறதென்று கிம்ச்சி ஊறுகாய்க் குளிர்பெட்டியை அணைத்து வைத்து, அத்தனையும் புளித்துப்போய் அம்மா இரண்டு நாள் பேசாமல் இருந்தாளே, அந்த ஞாயிற்றுக்கிழமை.

பியோன் காதில் மாட்டிக் கேட்டாள், மெல்லுவதை நிறுத்திவிட்டாள். "யாருண்ணே இது? தொண்டையா, வெண்கல மணியா?" தங்கச்சிதான், ஆனால் உச்சிக்குப் போகும்போது குரலில் பிசிறு என்றார் அவர். "குரல்ல எங்க பிசிறு? ப்ரீஆம்ப்பை எவ்வளவு ஏத்தி வச்சிருந்தீங்க? செவப்பு வெளக்கு எரிஞ்சுதா?" எரிந்ததே, அவள் உச்சியைத் தொடும்போதெல்லாம் பளிச்சென்று எரிந்ததே, பதிவு நன்றாக விழுகிறது என்றல்லவா நினைத்தார்... "மைக்குலேர்ந்து வர்றது நூலு மாதிரி கரண்டு. அதைத் தூக்கி நிறுத்தத்தான் ப்ரீஆம்ப். ரொம்பத் தூக்கினா தலை கூரையில இடிக்கும், அந்தக் கரகரப்புதான் இது. தங்கத்துல மைக் வாங்குனாலும் இடிக்கும். குமிழைக் கொறைங்க, பாடுறவங்களை ஒரு சாண் தள்ளி நிக்கச் சொல்லுங்க. ஒண்ணும் வாங்காதீங்க, போங்க."

போங்க என்றால் எங்கே போவது, படிக்கட்டுத் திருப்பத்திலேயே நின்றுவிட்டார். உனக்குப் பாட்டு ஒத்துவராது, குரலில் பிசிறு இருக்கிறது, என்று அன்று தங்கையிடம் எவ்வளவு நிதானமாகச் சொன்னார், பெரிய நிபுணர் மாதிரி... ஹேரிம் ரஜாயை மடித்து வைத்தாள், அடுத்த மாதமே உல்சான் நகரில் தொழிற்சாலைச் சமையலறை வேலைக்குப் போய்விட்டாள், குடும்பத்தோடு கரோக்கேக்குப் போனால்கூட கை தட்டுவதோடு சரி. இன்றாவது சொல்லிவிட வேண்டும், தப்பு என்னுடையது என்று, எண்ணை அழுத்தினார், எதிர்முனையில் அண்டாக்கள் உருளும் சத்தம். ப்ரீஆம்ப், குமிழ், கூரை என்று உளறிக்கொட்டி முடித்ததும் அவள் சொன்னாள்: "தெரியும்ண்ணே. அடுத்த வாரமே ஒரு சிநேகிதி வீட்ல பாடிப் பதிஞ்சேன். சுத்தமாத்தான் இருந்துச்சு."

"அப்புறம் ஏம்மா விட்ட?"

"பிசிறுன்னு சொன்னப்ப உன் மொகம் தெளிஞ்சுதுண்ணே. மாசக்கணக்கா சிரிக்காத ஆளு, அன்னிக்கித்தான் சிரிச்ச. சரி, சோறு வெந்துடுச்சு, வைக்கிறேன்." கோபமில்லை அவள் குரலில், கோபம் இருந்திருந்தால் தேவலை... சிரித்தேனா, சிரித்திருப்பேனா, சுவரில் சாய்ந்துகொண்டு அந்த நாளைத் துழாவினார், ரஜாயின் பூப்போட்ட ஓரம்கூட ஞாபகம் வருகிறது, தன் முகம் வரவில்லை. அந்த வருடம் அவர் எழுதிப் பாடிய மூன்று பாட்டுகளும் இசைத்தட்டுக் கம்பெனியிலிருந்து வேண்டாமென்று திரும்பி வந்திருந்தன, அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம், ஒன்றுமில்லை... ஒன்றுமில்லையா? முதல் தடவை கேட்டபோது பிசிறு என்று அவர் சொல்லவில்லையே, இரண்டு பேரும் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார்களே, பிறகு அவள் வெட்கத்தோடு, இதையும் அந்தக் கம்பெனிக்கு அனுப்பிப் பார்க்கலாமா அண்ணே என்று கேட்டாள், கேட்ட பிறகுதான், ஆமாம், அவள் கேட்ட பிறகுதான்...