ஜூன் மாதத்து ஆறுமணிக் குருவி

நான் பொய் சொல்லமாட்டேன். முப்பத்தோரு வருஷம் திருப்பத்தூர் – புதூர்நாடு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன். மலை வளைவில் நின்றுகொண்டு பொய் சொன்னால் குடலைப் புரட்டும். அதனால் அந்தப் பழக்கமே வரவில்லை.

ஒருமுறை டெப்போவில் கொடுத்த விசிலை ஓர் ஆடு விழுங்கிவிட்டது. சந்தைக்குப் போகிற ஆடு, பின்சீட்டுக்காரருடையது. அது ஒருதரம் மூச்சு விட்டால் டிரைவர் பிரேக் போட்டார். இரண்டுதரம் விட்டால் வண்டியைக் கிளப்பினார். அன்றைக்குத் திருப்பத்தூர் போய்ச் சேர ஏழு மணி நேரம். அதன் பிறகு நான் டெப்போவில் விசில் கேட்கவில்லை. வாயாலேயே அடிக்கப் பழகிக்கொண்டேன்.

ஓய்வு பெற்றதும் என் தடத்தின் கடைசி நிறுத்தத்துக்குப் பக்கத்திலேயே வாடகைக்கு வீடு பிடித்தேன். மகள் ஷோபனா ஓசூருக்குக் கூப்பிட்டாள். அங்கே ஏழாவது மாடி. லிப்டில் பத்துப் பேர் ஏறினாலும் ஒருத்தரும் வாயைத் திறப்பதில்லை. வேண்டாம் என்று மலைக்கு வந்தேன். வந்த பிறகுதான் ஒன்று தெரிந்தது. ஒரு பஸ் நடைக்கு அறுபது பேர் என்னோடு பேசினார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் பேசியது என் தோளில் தொங்கிய பையோடு. பை இறங்கிய மறுநாள் சில்லறைகூட யாரும் கேட்கவில்லை.

வீட்டுக்காரி மங்கம்மாள் மட்டும் புளி உலர்த்த வரும்போது, "இன்னாய்யா ராஜாக்கண்ணு, உசுரோட கீறியா?" என்பாள்.

"கீறேன்" என்பேன். அன்றையப் பேச்சு முடிந்தது.

போன மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் குணசீலனின் பைக் என் வீட்டெதிரே பஞ்சர் ஆனது. ஆணி என்னுடையது அல்ல. திருப்பத்தூரில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர், நாற்பத்தைந்து வயதிருக்கும். கழுத்தில் சுரைக்காய் நீளத்துக்கு லென்ஸ் மாட்டிய கேமரா. தண்ணீர் கேட்டார். சொம்பை வாயருகே கொண்டுபோனவர் அப்படியே நின்றுவிட்டார். பின்பக்கம் பலாமரத்தடியில் இரண்டு தட்டாக ஒரு விசில் கேட்டது.

"பெரியவரே! ஆறுமணிக் குருவிங்க!"

"அதுவா? ரெண்டு மாசமா அடிக்குது. எவனோ வண்டியக் கிளப்புறான்னு நெனச்சேன்."

அவர்தான் சொன்னார். வடக்கேயிருந்து குளிர்காலத்துக்கு வருகிற பறவையாம். காலை ஆறுக்கும் மாலை ஆறுக்கும் தவறாமல் கூப்பிடுமாம். முதுகு பச்சை, தோள் நீலம், வாலடி சிவப்பு, மொத்தம் ஒன்பது நிறமாம். தரையில் சருகைப் புரட்டிப் பூச்சி தின்றுகொண்டே இருக்குமாம். எட்டு வருஷமாகத் துரத்துகிறார். ஒரு படத்தில் வால், ஒரு படத்தில் கால், மற்றதிலெல்லாம் சருகு.

"பறவை பாக்குறவங்க வாட்ஸ்அப் குரூப்ல போட்டேங்க. 'இலை ரொம்ப நல்லா வந்திருக்கு சார்'னு எழுதறானுங்க."

அடுத்த ஞாயிறும் வந்தார். அதற்கடுத்ததும். மூன்று மணிக்கு பைக் சத்தம் கேட்கும். டீ குடிப்போம். ஓடைப்பக்கம் ஒரு நடை போய் வருவோம். தவிட்டுக்குருவிக் கூட்டம் சண்டை போடுவதையும், குண்டுக்கரிச்சான் என் தண்ணீர்ச் சட்டியில் குளிப்பதையும் அவர் படமெடுப்பார். நான் பக்கத்தில் உட்கார்ந்து நடந்ததை நடந்தபடி சொல்வேன். அரசவால் ஈப்பிடிப்பான் ஒன்று என் பஸ்ஸில் ஏறியதைச் சொன்னேன். குருவி முன்சீட்டில் இறங்கிவிட்டது, வால் இன்னும் படிக்கட்டில் ஏறிக்கொண்டிருந்தது, வாலுக்குத் தனியாக அரை டிக்கெட் போட்டேன். கேமரா வயிற்றில் இடிக்க இடிக்க அந்த மனுஷர் சிரித்தார். எனக்கு அந்த வாரம் முழுக்க அது போதுமானதாக இருந்தது.

ஒரே ஒரு பயம். நல்ல படம் ஒன்று கிடைத்துவிட்டால் அவர் ஏன் வரப்போகிறார்? ஏப்ரலில் ஒரு நாள் குருவி சருகை விட்டு வெட்டவெளிக்கே வந்து நின்றது. ஒன்பது நிறமும் தெரிந்தது. குணசீலன் மூச்சை அடக்கினார். எனக்கு இருமல் வந்தது. வேண்டுமென்று இருமினேன் என்று சொல்லமுடியாது. வேண்டாமென்று அடக்கவும் இல்லை.

ஏப்ரல் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை. ஆறு மணி ஆனது, சத்தமில்லை. ஆறரை ஆனது. பலாமரத்தடியில் போய் நின்று பார்த்தேன். குருவி வடக்கே கிளம்பிவிட்டது. புதன், வியாழன் எல்லாம் அப்படியே. முன்பு ஆறு மணி என்பது ஒரு நிமிஷம்தான் இருந்தது. அந்த வாரம் அது மணிக்கணக்காக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் குணசீலன் வந்து, ஐந்தே முக்காலுக்கு மரத்தடியில் துணியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தார். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டேன்.

"சார், எனக்குக் கலக்குது. நீங்க பாருங்க."

கொல்லைக் கோடியில், பள்ளத்தை ஒட்டி, தகரக் கதவு போட்ட கக்கூஸ். உள்ளே போய்த் தாழ் போட்டேன். காற்று வரும் சந்தில் வாயை வைத்து, பள்ளத்தைப் பார்த்து இரண்டு தட்டு அடித்தேன். பள்ளம் அதை வாங்கி மெருகேற்றித் திருப்பிக் கொடுத்தது. எனக்கே ஒரு கணம் குருவி வந்துவிட்டதோ என்று இருந்தது.

வெளியே வந்தால் குணசீலன் போனை நீட்டிக்கொண்டு ஓடிவருகிறார். கேட்கிற சத்தம் எந்தப் பறவையுடையது என்று சொல்கிற ஆப் ஒன்று அவர் போனில் இருக்கிறது. அதில் ஆறுமணிக் குருவியின் படம் மின்னியது. கீழே தேதி, நேரம், ஊர்.

"கேட்டீங்களா? இன்னும் போகல!"

"எங்க சார் கேக்கறது, நான் இருந்த இருப்புல."

அப்படியே ஏழு ஞாயிறு. ஆறு மணி ஆனால் பெரியவருக்கு வயிறு சரியில்லை என்று அவர் ஓமவாட்டர் வாங்கி வந்தார். குடித்தேன். வேறென்ன செய்ய? கண்டக்டர் உத்தியோகத்தில் ஒரு விசிலுக்கு வண்டி நிற்கும், ரெட்டை விசிலுக்குப் போகும். நான் அடித்தது ரெட்டை. ஆனால் அந்த ஆள் நின்றார்.

ஜூன் இரண்டாம் ஞாயிறு, ஏழாவது விசிலும் முடிந்த பிறகு, டீயைக் கையில் வாங்கிக்கொண்டு அவர் குடிக்காமலே சொன்னார்.

"பெரியவரே, ஜூன்ல அது இங்க கூப்பிடுதுன்னா கூடு கட்டுதுன்னு அர்த்தம். நம்ம மலையில அத யாரும் பாத்ததா எழுதல. ஏழு வாரமா நான் ஆப்ல ஏத்துனதப் பாத்துட்டு சென்னையில இருந்து பறவை ஆராய்ச்சிக்காரங்க ஆறு பேரு வேன் புடிச்சி வர்றாங்க. வர்ற ஞாயித்துக்கெழம. என் பேரப் போட்டுக் கட்டுரை எழுதணும்னு சொல்லியிருக்காங்க." குரலை இறக்கினார். "இலை நல்லா இருக்குன்னு சொன்னாரே, அவரே போன் பண்ணி 'குணசீலன் சார்'னாருங்க."

ஆறு பேருக்கும் விசில் அடிக்கலாம். நான் அறுபது பேருக்கு அடித்தவன். ஆனால் விவரம் தெரிந்தவர்கள். ஒருத்தர் கூட்டைத் தேடிக் கக்கூஸ் பின்னால் போனால் தீர்ந்தது. மாட்டிக்கொண்டால் எனக்கென்ன, குறும்புக்காரக் கிழவன் என்று சிரிப்பார்கள். நடுவில் நிற்கப்போவது அவர். சொன்னால் அவர் வரமாட்டார். சொல்லாவிட்டால் அவர் எங்கேயும் போய் நிற்கமுடியாது.

வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் திருப்பத்தூருக்கு இறங்கினேன். என் பஸ்தான். புதுக் கண்டக்டருக்கு என்னைத் தெரியவில்லை.

கடையில் ஒரு டீச்சரம்மா பிரேம் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். "அட, வாங்க பெரியவரே!" என்று குணசீலன் என்னைக் கண் பரிசோதிக்கிற நாற்காலியில் உட்காரவைத்து, இரும்புக் கண்ணாடியை மூக்கில் மாட்டினார். "வந்ததோட கண்ணப் பாத்துருவோம். அந்த அட்டையில மேல் எழுத்து தெரியுதா?"

"சார், அந்தக் குருவி நான்தான்."

"எந்தக் குருவி?"

"ஏழு வாரமா கூப்பிட்ட குருவி. கக்கூஸுல இருந்து நான்தான் விசில் அடிச்சேன்."

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "டீச்சர், சொன்னேன்ல, அந்தப் பெரியவரு இவருதான். போன வாரம் காக்கா டிபன் பாக்ஸத் தொறந்து தின்னுட்டு, மூடிய மூடி வச்சிட்டுப் போச்சுன்னாரு. இந்த வாரம் இவரே குருவி."

"றெக்க எங்க தாத்தா, வூட்ல வச்சிட்டு வந்துட்டீங்களா?" என்றார் டீச்சரம்மா.

நான் எத்தனையோ சொல்லியிருக்கிறேன். எதற்கும் இவ்வளவு சிரிப்பு விழுந்ததில்லை. சத்தியமாக நான்தான் என்றேன். இன்னும் சிரித்தார்கள். வேறு வழி தெரியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடியே அடித்தேன், இரண்டு தட்டு.

டீச்சரம்மா பிரேமைக் கழற்றிக் கீழே வைத்தார். குணசீலன் சிரிக்கவில்லை. போனை எடுத்து, ஆப்பைத் திறந்து, காய்ச்சல் பார்ப்பதுபோல் என் வாயருகே வைத்தார்.

"இன்னொருவாட்டி அடிங்க."

அடித்தேன். ஆறுமணிக் குருவியின் படம் வந்தது. பச்சை முதுகு, நீலத் தோள். அவர் அதை ரொம்ப நேரம் பார்த்தார். டீச்சரம்மா அப்புறம் வருகிறேன் என்று போய்விட்டார்.

அவர் எதிர் ஸ்டூலில் உட்கார்ந்து ஏழு பதிவையும் ஒவ்வொன்றாக அழித்தார். ஒவ்வொன்றுக்கும் 'நிச்சயமாக நீக்கவா?' என்று போன் கேட்டிருக்கும்போல, இரண்டிரண்டு தடவை அழுத்தினார். அப்புறம் சென்னைக்குப் போன் போட்டார்.

"சார், வேன் வேணாம் சார்... இல்ல சார், கூடெல்லாம் இல்ல. வேற சத்தம். நான்தான் தப்பாக் கேட்டுட்டேன்... ஆமா சார், ஏழு வாரமும்." அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, இவர் காது சிவந்தது. என் பேரை அவர் சொல்லவே இல்லை.

போனை வைத்துவிட்டுக் கேட்டார். "ஏங்க பெரியவரே?"

வாயில் மூன்று கதை தயாராக இருந்தது. மூன்றும் நல்ல கதை. மூன்றையும் விழுங்கினேன்.

"குருவி போயிட்டா நீங்க வரமாட்டீங்களேன்னுதான்."

"கூப்பிட்டிருந்தா சும்மாவே வந்திருப்பேனே."

வந்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரிந்திருக்காது. மூக்கிலிருந்த இரும்புக் கண்ணாடியை நோகாமல் கழற்றினார். "வலது கண்ணுல புரை ஆரம்பிச்சிருக்கு. பெரியாஸ்பத்திரியில காட்டிருங்க" என்று ஒரு சீட்டில் எழுதிக்கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு பைக் சத்தம் கேட்டது. பால்காரர்.

மங்கம்மாள் முறத்தோடு வந்தாள். "இன்னாய்யா, ஒன் கேமராக்காரு வர்ல?"

"அவர டெல்லிக்கு இட்டுனு போய்ட்டாங்க. அங்க பெரிய மனுஷங்க ஒருத்தருக்கும் கண்ணு தெரியலயாம்."

"நல்லா கீது போ." முறத்தைப் புடைத்தாள். "அப்ப கக்கூஸுல கத்திக்கினு இருந்திச்சே, அந்தக் குருவியும் போய்ட்டுதா?"

நான் அவளைப் பார்த்தேன். அவள் புளியங்கொட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரிஞ்சா சொல்லக்கூடாதாடி?"

"எதுக்கு? வாரத்துக்கு ஒரு நாளாச்சும் மனுஷன் சிரிச்சிக்கினு இருந்த." முறத்தைத் தூக்கிக்கொண்டு அவள் போய்விட்டாள்.

ஐந்தே முக்காலுக்குப் பலாமரத்தடியில், அவர் உட்காருகிற இடத்தில் நான் உட்கார்ந்தேன். விசில் அடிக்கவில்லை. தண்ணீர்ச் சட்டிக்கு அரசவால் ஈப்பிடிப்பான் வந்தது. இதுவரை நான் படமெடுத்ததில்லை. போனை எடுத்து, லென்ஸில் கீறல் விழுந்த பக்கத்தைத் தவிர்த்து ஒன்று எடுத்தேன். நல்ல வெளிச்சம். தலை, கொண்டை, நீர்த்துளி, வெள்ளை வால் கடைசி நுனிவரை, எல்லாம் விழுந்தது. நம்பமாட்டீர்கள். படம் இருக்கிறது.

அதைக் குணசீலனுக்கு அனுப்பினேன். கூட ஒரு கதை எழுத விரல் துறுதுறுத்தது. எழுதவில்லை. 'இன்று 5.52, வீட்டில்' என்று மட்டும் போட்டேன்.

இரண்டு டிக் விழுந்தது. நீலமானது. மேலே, எழுதுகிறார் என்று வந்தது. நின்றது. மறுபடி வந்தது. மறுபடி நின்றது. குருவி குளித்து முடித்துப் போய்விட்டது. கொசு கடித்தது. பலாமரம் தெரியாத அளவுக்கு இருட்டும்வரை போனைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே இருந்தேன்.