ரேடியோ தட்டிய கதவு

சபையில் ஏ.சி. போட்ட முதல் ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை தொடங்கிப் பத்து நிமிஷத்தில் கமிட்டிக்காரர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். ஜன்னல்களை முந்தின நாளே அடைத்தாயிற்று. "குளிர் வெளிய போயிடும்" என்று யாரும் கேட்காமலே ஒரு விளக்கம் சொல்லிவிட்டு, கதவுக்கடியில் இருந்த இடைவெளியில் ஒரு பழைய சாக்கை மடித்துச் செருகினார். அது சரியாக உட்காராததால் காலால் இரண்டு மிதி மிதித்தார். பிறகு கைகளைத் தட்டிக்கொண்டு, பெரிய வேலை முடித்தவர்போலத் தன் இடத்துக்குப் போனார்.

கடைசி பெஞ்சில், கதவுக்கு மூன்றடி தள்ளி உட்கார்ந்திருந்த அவள் அந்தச் சாக்கைப் பார்த்தாள். பிறகு தாழ்ப்பாளைப் பார்த்தாள். தாழ்ப்பாள் போடவில்லை, வெறுமனே சாத்தியிருக்கிறது, தள்ளினால் திறக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மூன்று முறை சொன்னாள். மூன்றாவது முறை சொல்லி முடிப்பதற்குள் கை பெஞ்சின் விளிம்பை இறுகப் பிடித்திருந்தது. இடப்பக்கம் கணவன் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தான். வலப்பக்கம் பதினோரு வயது மகள், பாட்டைப் பாடியபடியே ஓரக்கண்ணால் அம்மாவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டு மாதமாக அந்தப் பிள்ளைக்கு அதுவும் ஒரு வேலை.

எட்டு மாதத்துக்கு முன்புவரை அவள் ஒரு குளிர்பதனக் கிடங்கில் பேக்கிங் வேலை பார்த்தாள். பட்டாணி, மக்காச்சோளம், நறுக்கிய பீன்ஸ் எல்லாம் கூழாங்கல்போல உறைந்து வரும். அவற்றைப் பைகளில் நிரப்பி, ஒட்டி, அட்டைப்பெட்டியில் அடுக்கி, தள்ளுவண்டியில் ஏற்றி, பெரிய ஃப்ரீசர் அறைக்குள் கொண்டுபோய் வைக்க வேண்டும். அவளோடு ஜோடியாக வேலை பார்த்தவள் ரேடியோ. வாய் ஓயாமல் பேசுவதால் வேலையிடத்தில் வைத்த பெயர் அது, சபையிலும் ஒட்டிக்கொண்டது. மேனேஜரின் நடை, மாமியாரின் குறட்டை, தன்னுடைய பல்வலி என்று காலை ஏழு மணிக்குத் தொடங்கினால் மிஷின் நின்ற பிறகும் நிற்க மாட்டாள். "நீ பேசாத பேச்சையும் சேத்து நானே பேசித் தொலைக்கிறேன்" என்பாள். இருவரும் ஒரே சபை. ஆனால் ரேடியோ வருவது தன் அக்காளின் தொந்தரவு தாங்காமல்தான். பிரசங்கம் தொடங்கினால் தூங்கிவிடுவாள். பாட்டு அறவே வராது.

அந்த ஃப்ரீசர் கதவின் உள்கைப்பிடி பதினைந்து நாளாக வேலை செய்யவில்லை. எழுதிக் கொடுத்திருந்தார்கள், ஆள் வருவான் என்று பதிலும் வந்திருந்தது. அதுவரை கதவு சாத்திக்கொள்ளாமலிருக்க ஒரு செங்கல்லை வைத்துச் சமாளித்தார்கள். ஒரு சனிக்கிழமை பிற்பகல், கடைசி நடைப் பெட்டிகளோடு இருவரும் உள்ளே இருந்தபோது, வெளியே போய்க்கொண்டிருந்த சுமைதூக்கி ஒருவர் செங்கல்லைக் காலால் ஒதுக்கி, கதவை இழுத்துச் சாத்திவிட்டுப் போனார். திறந்து கிடக்கிறதே என்று நல்லெண்ணத்தில் செய்ததுதான். போன்கள் இரண்டும் லாக்கரில் இருந்தன. காவலாளி வந்து திறக்க மூன்றரை மணி நேரம் ஆனது. ரேடியோ ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே இறந்துவிட்டாள். இவள் பிழைத்தாள்.

மறுநாள் பாஸ்டர் வார்டுக்கு வந்தார். இவளுக்குப் பாதி நினைவுதான். "ரெண்டு பேரும் ஜெபம் பண்ணீங்களாம்மா?" என்று கேட்டார். இவள் "ம்" என்றாள். அந்த ஒரு "ம்" கை கால் முளைத்து நடந்தது. இவள் கட்டிலில் கிடந்த நாட்களிலேயே அது முழங்கால் போட்டது, கை கோத்துக்கொண்டது. அடக்க ஆராதனைக்குள் பாட்டும் படித்துவிட்டது. ரேடியோ பாடிக்கொண்டே கர்த்தரிடம் போனாள் என்று சொல்லி எல்லாரும் அழுதார்கள். இவள் வீடு திரும்பியபோது, திருத்த முடியாத அளவுக்கு அது வளர்ந்து நின்றது.

வீட்டில் ஃப்ரிட்ஜின் கதவு சாத்தும் சத்தத்துக்கு அவள் இரண்டுமுறை கீழே உட்கார்ந்துவிட்டாள். பஸ் ஓட்டும் அவள் கணவன் அந்த ஃப்ரிட்ஜையே ஒரு நண்பன் வீட்டில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தான். அன்றுமுதல் பாலை இரண்டு வேளை போய் வாங்கினார்கள். குளியலறைக் கதவைச் சாத்தாமல் அவள் குளிக்க, வெளியே மகள் முதுகைக் காட்டி உட்கார்ந்து வாய்ப்பாடு சொல்வாள். இதையெல்லாம்கூட எப்படியோ பழகிக்கொண்டார்கள். ஜெபத்தைத்தான் ஒன்றும் செய்ய முடியவில்லை. சின்ன வயசிலிருந்து தெரிந்த, 'எங்கள் பிதாவே' என்று எல்லாரும் சேர்ந்து சொல்கிற அந்த ஜெபத்தைத்தான் அவள் அந்த அறைக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போது கண்ணை மூடி இரண்டாவது வரிக்குப் போவதற்குள் பற்கள் கிடுகிடுக்கும். பெட்டிகளுக்கு நடுவே, முழங்காலைக் கட்டிக்கொண்டு, அங்கேயே உட்கார்ந்திருப்பாள். அதனால் ஒவ்வொரு ஞாயிறும் அந்த நேரம் வந்ததும் எழுந்து வெளியே குழாயடிக்குப் போய்விடுவாள். கடவுளோடு பேசப் போனால் வழியில் ஃப்ரீசர் நிற்கிறது. சுற்றிப் போக வேறு வழி தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் கவுன்சிலிங் கொடுக்கும் அம்மாவிடம் இதைச் சொன்னபோது, அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

"கண்ணைத் திறந்துக்கிட்டு ஜெபம் பண்ணக் கூடாதுன்னு எங்கயாவது எழுதியிருக்கா?"

"தெரியலங்க. யாரும் பண்ணிப் பாத்ததில்ல."

"நான் கோயிலுக்குப் போற ஆளில்ல, எனக்கும் தெரியாது. ஆனா நீங்க கண்ணை மூடாதீங்க. காலு தரையில இருக்கா, கையில என்ன படுது, எதிர்ல என்ன இருக்கு, அதை ஒவ்வொண்ணா சொல்லுங்க. இங்க இருங்கம்மா. அங்க போகாதீங்க."

"நான் இங்கதான இருக்கேன்."

"வந்ததிலிருந்து நாலு தடவ கதவைப் பாத்துட்டீங்க" என்றார் அந்த அம்மா.

இன்றைக்கு அவள் சபைமுன் நின்று, கர்த்தர் தன்னைக் காப்பாற்றியதைச் சாட்சியாகச் சொல்ல வேண்டும். பாஸ்டர் மூன்று மாதமாகக் கேட்கிறார். நல்ல மனுஷன். ஆஸ்பத்திரியில் கிடந்த அத்தனை நாளும் வந்து, ஸ்டூலை இழுத்துப்போட்டு, பேசச் சொல்லித் தொல்லை பண்ணாமல் உட்கார்ந்திருந்தவர். அவர் முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. "நாலு வார்த்தை போதும்மா. சபைக்குத் தைரியமா இருக்கும்" என்றிருந்தார். நாலு வார்த்தைதான். எந்த நாலு என்பதுதான் தெரியவில்லை.

"கண்களை மூடி ஜெபிப்போம்" என்றார் பாஸ்டர். எண்பது தலைகள் குனிந்தன. அவள் கண்ணை மூடவில்லை. கால் தரையில் இருக்கிறது. செருப்பு இல்லை, டைல்ஸ் ஜில்லென்றிருக்கிறது. வேண்டாம், அதை விடு. முன் பெஞ்சின் முதுகில் யாரோ காம்பஸ் முனையால் ஒரு மீன் கீறியிருக்கிறார்கள். கணவனின் சட்டைக் காலரில் ஒரு நூல் தொங்குகிறது. முன்வரிசைக் குழந்தை, அப்பாவின் தோள்மேல் வாயை வைத்து எச்சில் வழியவிட்டுக்கொண்டிருக்கிறது. இப்படி ஒவ்வொன்றாக நகர்ந்துவந்த அவள் பார்வை, இடப்பக்கம் நான்காவது பெஞ்சில் தட்டி நின்றது. அங்கே இன்னொருத்தியும் கண்ணை மூடவில்லை. ரேடியோவின் அக்கா. சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவள்; முன்னங்கையெல்லாம் சூடுபட்ட தழும்பு. பெஞ்சின்மேல் கையைப் போட்டு, முழுசாகத் திரும்பி, இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டு மாதமாக இவள் எந்தத் தெருமுனையில் பார்த்தாலும் திரும்பிப்போய்த் தப்பித்த முகம். ஜெபம் முடியும்வரை இருவரும் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சாட்சி சொல்ல வரும்படி பாஸ்டர் இவளை 'சகோதரி' என்று அழைத்தார். அவள் நடந்துபோய் மைக்கைப் பிடித்தாள். அதன் கம்பி கையில் ஜில்லென்று பட்டது. எதிரே எல்லா முகமும் இரக்கத்தோடு நிமிர்ந்திருந்தது. வரப்போவது என்னவென்று அவர்களுக்குத் தெரியும்; அழுவதற்குத் தயாராகக் கைக்குட்டைகூட எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்கள். அவள் மைக்கை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள். உதவி செய்வதாக நினைத்து யாரோ "ஸ்தோத்திரம்" என்றார். இன்னொருவரும் சொன்னார்.

"எனக்குக் குளிருது" என்றாள் மைக்கில்.

கமிட்டிக்காரர் அவசர அவசரமாக ரிமோட்டைத் தேடினார். அவள் மைக்கைப் பாஸ்டர் கையில் கொடுத்துவிட்டு, நடுப்பாதை வழியாக நேரே கதவை நோக்கி நடந்தாள். ஓடவில்லை. ஓடக் கூடாது என்று ஒவ்வொரு அடிக்கும் சொல்லிக்கொண்டாள். கதவைத் தள்ளினாள். திறக்கவில்லை. மறுபடி தள்ளினாள். மடித்த சாக்கு அடியில் இறுகிக் கதவைப் பிடித்துக்கொண்டிருந்தது. அது சாக்கு என்று புத்திக்குத் தெரிந்தது; உடம்புக்குத் தெரியவில்லை. பார்வை ஓரங்களில் வெளுக்கத் தொடங்கியது. உட்கார்ந்துவிடச் சொன்னது உடம்பு. உட்கார், கண்ணை மூடு, எல்லாம் சரியாகிவிடும். அன்றைக்கும் இதேதான் சொன்னது.

யாரோ அவளை இடித்துக்கொண்டு குனிந்தார்கள். தழும்பேறிய ஒரு கை சாக்கைப் பற்றி வெடுக்கென்று உருவி எறிந்தது. கதவு திறந்தது. வெயில் முகத்தில் அறைந்தது.

கணவன் பின்னாலேயே வந்தான். "நீங்க உள்ள இருங்க தம்பி. நான் பாத்துக்கிறேன்" என்றாள் ரேடியோவின் அக்கா. அவன் மனைவியைப் பார்த்தான். அவள் தலையசைத்ததும் உள்ளே போனான். கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

படிக்கட்டில் இருவரும் நின்றார்கள். உள்ளே பாஸ்டர் ஏதோ சமாளித்துப் பேசுவது மங்கலாகக் கேட்டது.

"என் தங்கச்சி பாடிக்கிட்டே போனாளாம்" என்றாள் அக்கா. "எட்டு மாசமா ஆளாளுக்கு வந்து சொல்றாங்க. அவ பாடினா வீட்ல பூனைகூட எழுந்து போயிடும். எனக்குத் தெரியாதா? உண்மையைச் சொல்லு. அவ கடைசியா என்ன சொன்னா?"

அவள் கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டாள். அது சூடாக இருந்தது.

"என்னைத் திட்டினாங்க."

"என்னன்னு?"

"ஜெபத்தை நிறுத்திட்டு எழுந்து வாடின்னாங்க. வந்து கதவைத் தட்டுடின்னாங்க. நான் போகலக்கா. ஒரு மூலையில உக்காந்து கண்ணை மூடிட்டேன். ஜெபம் பண்ணினா அந்த ரூம்ல இல்லாத மாதிரி இருந்துச்சு. அவங்க வண்டியோட இரும்புக் கம்பியைக் கழட்டி, ஒத்தை ஆளா அடிச்சுக்கிட்டே இருந்தாங்க. வாட்ச்மேன் அந்தச் சத்தத்துக்குத்தான் வந்தாரு. பாஸ்டர் கேட்டப்ப நான் 'ம்'னு சொல்லிட்டேன். அப்புறம் மாத்தத் தெரியல."

அக்கா படியில் உட்கார்ந்தாள். முதலில் அவள் தோள் குலுங்கியதை அழுகை என்றுதான் இவள் நினைத்தாள். ஆனால் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் வழிய, வாயைப் பொத்திக்கொண்டு, சத்தமில்லாமல்.

"திட்டியிருக்கா" என்றாள். "அவதான். அப்பாடா, அவதான்."

சிரிப்பு நின்ற பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நிமிர்ந்தபோது முகம் வேறாக இருந்தது.

"ரெண்டு பேரு தட்டியிருந்தா சீக்கிரம் கேட்டிருக்குமா?"

இதற்குத்தான் அவள் எட்டு மாதமாகப் பயந்து கிடந்தாள். ஓடிப்போக இடமில்லை. கண்ணை மூடிக்கொள்ளவும் முடியாது.

"கேட்டிருக்கலாம்க்கா" என்றாள்.

அக்கா எழுந்தாள். அடிக்கப்போகிறாளோ என்று தோன்றியது. "எப்படித் தட்டினா?" என்று கேட்டாள். "காட்டு."

"அக்கா…"

"காட்டு. எனக்குத் தெரியணும்."

அவள் சபைக் கதவின் முன்னால் போய் நின்றாள். கையை முஷ்டியாக்கி மூன்று முறை தட்டினாள். நிறுத்தினாள். மறுபடி மூன்று. உள்ளே எல்லாரும் சேர்ந்து அந்த ஜெபத்தைத் தொடங்கியிருந்தார்கள். "இவ்வளவுதானா?" என்றாள் அக்கா. இல்லை, இவ்வளவு இல்லை. இரண்டு கையாலும் அடித்தாள். மூன்று, மூன்று, மூன்று. மரத்தின் சிராய் விரல் கணுவில் ஏறியது. எண்பது குரல் இரண்டாவது வரியைத் தாண்டி, மூன்றாவதைத் தாண்டிப் போயின. அவள் கண் திறந்தே இருந்தது. கதவின் பச்சை பெயின்ட், அதில் ஒரு கொப்புளம், கொப்புளத்துக்குக் கீழே பழைய பழுப்பு. அப்பா, என்றாள் உள்ளுக்குள். அதற்குமேல் வார்த்தை வரவில்லை. வந்தவரையில் அதை அவள் இந்த வெயிலில், இந்தப் படியில் நின்றுதான் சொன்னாள்.

கதவு திறந்தது. கமிட்டிக்காரர் எட்டிப்பார்த்தார். "என்னம்மா இது, தாழ்ப்பாள்கூடப் போடல. இழுத்தா திறக்குமே" என்றார். அவர் முதுகுக்குப் பின்னால் திரும்பிய தலைகள். நடுவில் மகள், பெஞ்சின்மேல் ஏறி நின்று அவளைத் தேடிக்கொண்டிருந்தாள்.

அவள் மகளுக்குக் கையைக் காட்டிவிட்டுத் திரும்பினாள். படியில் யாரும் இல்லை. ரேடியோவின் அக்கா வாசலைக் கடந்து தெருவில் இறங்கியிருந்தாள். பத்தடி போனவள் நின்றாள். ஒரு கையால் மதிலைப் பிடித்துக்கொண்டு, ஒற்றைக் காலில் நின்று, செருப்பைக் கழற்றி உதறினாள். ஒரு சின்னக் கல் விழுந்து உருண்டது. செருப்பை மாட்டிக்கொண்ட பிறகும் மதிலிலிருந்து கையை எடுக்காமல், திரும்பியும் பார்க்காமல், அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.